குமிழி நின்றால் நொதித்தல் நின்றதாகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டிலேயே பீர் தயாரிப்பது குறித்துத் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். பலரும் தயங்கி ஒதுக்கும் பொருளை எடுத்துக்கொண்டதற்குப் பாராட்டுகள். மால்ட்டை (முளைகட்டி உலர்த்திய பார்லி) ஊறவைக்கும் வெப்பநிலை, கசப்புத் தரும் ஹாப்ஸ் சேர்க்கும் நேரம், ஆறிய பிறகே ஈஸ்ட் (சர்க்கரையை நொதிக்கவைத்துச் சாராயமாகவும் கார்பன் டை ஆக்சைடு வாயுவாகவும் மாற்றும் நுண்ணுயிரி) இட வேண்டிய காரணம் ஆகியவற்றைக் கட்டுரையாளர் பெரும்பாலும் சரியாகவே விளக்கியிருக்கிறார். ஆனால் கடைசிப் பத்தியில், ஒரு வாரத்தில் குமிழி வருவது நின்றுவிடும் என்றும், நின்றதும் சிறிது சர்க்கரை சேர்த்துப் பாட்டில்களில் அடைத்துவிடலாம் என்றும் எழுதியிருக்கிறார். இந்த அறிவுரையை அப்படியே பின்பற்றுகிறவர் வீட்டில் கண்ணாடி பாட்டில் வெடித்துச் சிதற வாய்ப்பு உண்டு. இது சுவை பற்றிய கருத்து வேறுபாடாக இருந்திருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். கண்ணுக்கும் கைக்கும் ஆபத்தான செய்தி என்பதால் எழுதுகிறேன்.

அதற்கு முன், கட்டுரை தொடாமலே விட்ட ஒன்றையும் குறிப்பிட வேண்டும். வீட்டில் பீர் தயாரிக்கச் சட்டம் எல்லா இடங்களிலும் இடம் தருவதில்லை. பிரிட்டனில் இதற்கு உரிமம் பெற வேண்டிய கட்டாயம் 1963 இல்தான் நீங்கியது. அமெரிக்காவில் கூட்டாட்சிச் சட்ட அளவில் இதை அனுமதித்த சட்டத்தில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் 1978 அக்டோபரில் கையெழுத்திட்டார். அதன் பிறகும் சில மாநிலங்கள் பல்லாண்டுகள் தடையை விடவில்லை. இன்றும் முற்றாகத் தடைசெய்யும் நாடுகளும் பகுதிகளும் இருக்கின்றன. தாம் வாழும் இடத்தின் சட்டம் அனுமதிக்கிறதா என்பதை அறிந்துகொண்ட பிறகே எவரும் பானையை அடுப்பில் ஏற்ற வேண்டும் என்று ஒரு வரியாவது கட்டுரையில் இருந்திருக்கலாம்.

இனி குமிழி விஷயத்துக்கு வருகிறேன். முளைகட்டி உலர்த்திய பார்லியைச் சுமார் 65 முதல் 68 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள நீரில் ஒரு மணி நேரம் ஊறவைக்கும்போது, அதிலுள்ள மாவுச்சத்தை நொதிகள் உடைத்துப் பலவகைச் சர்க்கரைகளாக மாற்றுகின்றன. குளுக்கோஸ் கொஞ்சம், மால்டோஸ் பெரும்பகுதி, மால்டோட்ரையோஸ் ஓரளவு. இவற்றோடு, சாதாரண ஈஸ்டால் நொதிக்கச் செய்ய முடியாத டெக்ஸ்ட்ரின்களும் அந்தக் கரைசலில் இருக்கும். ஈஸ்ட் இவை அனைத்தையும் ஒரே வேகத்தில் உட்கொள்வதில்லை. குளுக்கோஸை முதலில் தீர்த்துவிட்டு மால்டோஸுக்குப் போகிறது. மால்டோட்ரையோஸைக் கடைசியில்தான் தொடுகிறது, சில ஈஸ்ட் வகைகள் அதை அரைகுறையாகவே தொடுகின்றன. முதல் இரண்டு மூன்று நாட்களில் நுரை பொங்கி, கலத்தின் மூடியில் பொருத்திய ஏர்லாக்கில் குமிழிகள் இடைவிடாமல் தட்டிக்கொண்டிருப்பதும், அதன் பிறகு திடீரென அமைதி நிலவுவதும் இதனால்தான். அந்த அமைதிக்குள்ளும் வேலை நடந்துகொண்டிருக்கும். வெளியேறும் வாயு குறைந்துபோனதால் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவே.

ஏர்லாக் என்பது வாயு வெளியேறவும் வெளிக்காற்று உள்ளே வராமலிருக்கவும் வைக்கும் நீர்த்தடுப்பு. அதை ஓர் அளவுகோலாகக் கருதுவதுதான் பிழையின் தொடக்கம். மூடியின் ஓரத்தில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் வாயு அவ்வழியே போய்விடும். உள்ளே நொதித்தல் உச்சத்தில் இருக்கும்போதும் ஏர்லாக்கில் ஒரு குமிழிகூடத் தோன்றாது. இதற்கு நேர்மாறாகவும் நடப்பதுண்டு. நொதித்தல் முடிந்து பல நாட்கள் ஆன பிறகு அறையின் வெப்பம் சற்று ஏறினாலும், வெளிக்காற்றின் அழுத்தம் தாழ்ந்தாலும், பீரில் கரைந்திருந்த கார்பன் டை ஆக்சைடு பிரிந்து மீண்டும் குமிழிகளாக வரும். ஆகக் குமிழி இருப்பதும் சான்றன்று, இல்லாததும் சான்றன்று. நாட்காட்டியும் அப்படித்தான். ஒரே ஈஸ்ட், ஒரே மால்ட் என்றாலும், 20 டிகிரியில் ஒரு வாரத்தில் முடிவது 15 டிகிரியில் அதன் இருமடங்குக் காலம் எடுத்துக்கொள்ளக்கூடும்.

ஆபத்து எவ்வளவு பெரியது என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். ஒரு கிராம் சர்க்கரை நொதித்தால் ஏறத்தாழ அரை கிராம் கார்பன் டை ஆக்சைடு உண்டாகிறது. வழக்கமான பீரில் ஒரு லிட்டருக்குச் சுமார் 5 கிராம் வாயு கரைந்திருக்கும். அந்நிலையில் 20 டிகிரி வெப்பத்தில் பாட்டிலின் உள்ளழுத்தம் வெளிக் காற்றழுத்தத்தைவிட ஏறக்குறைய இரண்டு வளிமண்டல அளவு கூடுதலாக இருக்கும். இப்போது, 1.012 என்ற ஒப்படர்த்தியில் (தண்ணீரை 1.000 எனக் கொண்டு ஒப்பிட்ட அடர்த்தி; சர்க்கரை தீரத் தீர இது குறையும்) முடிய வேண்டிய பீரைக் குமிழி நின்றதை நம்பி 1.016 இலேயே ஒருவர் அடைத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். பார்வைக்கு அற்பமான அந்த 0.004 வேறுபாடு, லிட்டருக்கு இன்னும் சுமார் 4 கிராம் வாயுவாகப் பாட்டிலுக்குள் பிறக்கும். வெளியே போக வழி இல்லை. பாட்டிலில் சேர்த்த சர்க்கரையின் வாயுவும் இதனோடு கூட, உள்ளழுத்தம் வழக்கத்தைவிட இருமடங்கைத் தாண்டிவிடும். அறை சூடேறினால் அது இன்னும் உயரும். 1.020 இல் அடைத்தவரின் நிலையை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

வெடித்த ஒரு பாட்டிலின் மிச்சத்தை நண்பர் வீட்டு அலமாரியில் பார்த்திருக்கிறேன். அடிப்பகுதி நின்ற இடத்திலேயே வட்டமாக நிற்க, கழுத்து மூடியோடு எதிர்ச்சுவர் ஓரம் கிடந்தது. நடுப்பகுதி விரல் நகம் அளவுத் துண்டுகளாகி, மரப்பலகையில் ஆழமாகப் பதிந்திருந்தது. பக்கத்திலிருந்த இரண்டு பாட்டில்களையும் அது உடைத்திருந்தது. இரவில் நடந்ததால் அருகில் யாரும் இல்லை.

இதைத் தவிர்க்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. பள்ளி ஆய்வகத்தில் பலரும் பார்த்திருக்கக்கூடிய ஹைட்ரோமீட்டர், அதாவது திரவமானி, போதும். கரைசலில் சர்க்கரை கூடுதலாக இருந்தால் அது மேலெழுந்து மிதக்கும். சர்க்கரை சாராயமாக மாற மாற அமிழும். 18 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே இங்கிலாந்தின் பீர் ஆலைகள் இதைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டன. ஈஸ்ட் ஓர் உயிரி என்பதே தெளிவாகாத காலத்தில் அவர்கள் எண்ணை நம்பினார்கள் என்பதைப் பார்க்கும்போது, இன்று எழுதப்படும் ஒரு கட்டுரை குமிழியை நம்பச் சொல்வது வியப்பாகவே இருக்கிறது.

கருவி எளியது என்றாலும் அதைப் பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. பீரை உயரமான குறுகிய குவளையில் எடுத்ததும், அதில் கரைந்துள்ள வாயு நுண்குமிழிகளாகப் பிரிந்து திரவமானியின் உடலில் ஒட்டிக்கொண்டு அதைச் சற்றே தூக்கிவிடும். காம்பைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் பிடித்து ஒரு சுழற்று சுழற்றினால் அவை உதிர்ந்துவிடும். கோட்டை மறைக்கும் நுரை வளையம் அடங்கும் வரை பொறுத்து, கண்ணைத் திரவ மட்டத்துக்குத் தாழ்த்தி, காம்பை ஒட்டி மேலேறும் விளிம்பை விடுத்துச் சமமான மட்டத்தையே படிக்க வேண்டும். பெரும்பாலான திரவமானிகள் 20 டிகிரிக்கு அளவிடப்பட்டவை. 30 டிகிரியில் பார்த்தால் உண்மையைவிட 0.002 அல்லது 0.003 குறைவாகக் காட்டும். மேலே சொன்ன கணக்கில் இந்த வேறுபாடே லிட்டருக்கு இரண்டு மூன்று கிராம் வாயு என்பதால், வெப்பத் திருத்தத்தை அலட்சியப்படுத்தக் கூடாது. கருவி புதிதாக இருந்தாலும் முதலில் வெறும் தண்ணீரில் மிதக்கவிட்டு 1.000 காட்டுகிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. எடுத்த மாதிரியைச் சுவைத்துப் பார்க்கலாம். கலத்தில் திரும்ப ஊற்றக் கூடாது.

ஈஸ்ட் இடுவதற்கு முன் ஓர் அளவும், முடிந்ததாகத் தோன்றும்போது ஓர் அளவும், அதற்கு மூன்று நாள் கழித்து இன்னோர் அளவும் எடுக்க வேண்டும். கடைசி இரண்டும் ஒன்றாக இருந்தால் நொதித்தல் நின்றுவிட்டது என்று பொருள். இந்த இடத்தில் அனுபவமுள்ளவர்களும் சறுக்குவதுண்டு, ஏனெனில் நிற்பது வேறு, முடிவது வேறு. ஈஸ்ட் போதிய அளவு இடாமல் போனாலும், இடும் நேரத்தில் கரைசலில் ஆக்சிஜன் குறைவாக இருந்தாலும், நடுவில் வெப்பம் இறங்கிவிட்டாலும் ஈஸ்ட் சோர்ந்து பாதி வழியில் படிந்துவிடும். அளவு மூன்று நாள் மாறாமல் 1.020 என்றே காட்டும். பிறகு அந்த பீரைப் பாட்டிலில் அடைத்து, வெதுவெதுப்பான இடத்தில் வைத்து, புதிய சர்க்கரையையும் ஊட்டினால் உறங்கிய ஈஸ்ட் விழித்துக்கொண்டு விட்ட வேலையைத் தொடரும். ஆகவே எண் மாறாமல் இருப்பது மட்டும் போதாது. அது எதிர்பார்த்த இடத்துக்கு அருகிலும் இருக்க வேண்டும். 1.050 இல் தொடங்கிய ஒரு சாதாரண பீர் பெரும்பாலும் 1.010 க்கும் 1.014 க்கும் இடையில் முடியும். எண் அதற்கு மிக மேலே நின்றுவிட்டால் கலத்தை 20 அல்லது 22 டிகிரி வரை மெல்ல வெதுவெதுப்பாக்கி, காற்றுப் புகாமல் லேசாக அசைத்து, அடியில் படிந்த ஈஸ்டை எழுப்பிவிட்டு, மேலும் ஒரு வாரம் காத்திருப்பதே வழி.

எதிர்பார்க்கும் எண் எது என்பதில் ஐயம் இருப்பவர்களுக்கு ஆலைகளில் கையாளும் ஓர் எளிய உத்தி உண்டு. தயாரிப்பு நாளன்றே கரைசலில் ஒரு குவளை தனியே எடுத்து, அதில் அளவுக்கு மீறி ஈஸ்ட் இட்டு, 25 டிகிரிக்குக் குறையாத வெப்பத்தில் வைத்து, அவ்வப்போது குலுக்கிவிட வேண்டும். சில நாட்களில் அது கடைசிவரை நொதித்துவிடும். அந்த எண்தான் பெரிய கலமும் போய்ச் சேர வேண்டிய இடம். இந்தச் சோதனைக் குவளையின் பீர் குடிக்க நன்றாக இராது. அதை வைத்திருப்பதும் குடிப்பதற்காக அன்று.

காத்திருப்பதால் பாதுகாப்பு மட்டுமின்றிச் சுவையும் தேறுகிறது. நொதித்தலின்போது பிறக்கும் டையசெட்டில் என்ற பொருள் வெண்ணெய் வாடை தரக்கூடியது. பச்சை ஆப்பிள் வாடை தரும் அசெட்டால்டிஹைடும் அப்போது உண்டாகிறது. ஈஸ்டுக்கு இன்னும் சில நாள் அவகாசம் கொடுத்தால் இரண்டையும் தானே திரும்ப உட்கொண்டு பெரிதும் குறைத்துவிடும். வீட்டு பீர் என்றாலே ஒரு வாடை இருக்கும் என்ற பரவலான எண்ணத்துக்குப் பெரும்பாலும் அவசரமே காரணம்.

தூய ஈஸ்டும் சுத்தமும் இந்தக் கணக்கோடு நேரடியாகத் தொடர்புடையவை. கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் பணியாற்றிய எமில் கிறிஸ்டியன் ஹான்சன், 1883 இல் ஒற்றை ஈஸ்ட் செல்லிலிருந்து தூய வளர்ப்பை உருவாக்கிய பிறகுதான், பீர் எங்கே போய் முடியும் என்பதை ஆலைகள் உறுதியாக முன்கூட்டிச் சொல்ல முடிந்தது. சரியாகக் கழுவாத குழாயிலோ பாட்டில் அடியிலோ காட்டு ஈஸ்ட் ஒட்டியிருந்தால் அந்த உறுதி போய்விடுகிறது. டயாஸ்டாட்டிகஸ் என்ற வகை ஈஸ்ட், மற்ற ஈஸ்ட்கள் விட்டுவைக்கும் டெக்ஸ்ட்ரின்களையும் உடைத்து உண்ணக்கூடியது. சில பெல்ஜிய பாணி பீர்களுக்கு இதை வேண்டுமென்றே பயன்படுத்துகிறார்கள். அது தெரியாமல் வேறொரு பீரில் கலந்துவிட்டால், 1.012 இல் முறையாக முடிந்து அடைக்கப்பட்ட பீர்கூட மாதக்கணக்கில் மெல்ல மெல்ல அழுத்தம் ஏறி ஒருநாள் பொங்கும். பாட்டில் கழுத்தின் உட்புறத்தில், திரவ மட்டத்தையொட்டி வெளிறிய வளையம் ஒன்று படிந்திருந்தால் அந்நியக் கிருமி புகுந்திருக்க வாய்ப்பு அதிகம். அந்தத் தொகுதியை ஐயத்துடனேயே கையாள வேண்டும். கழுவுவது வேறு, கிருமிநீக்குவது வேறு. அழுக்குப் படிந்த பாத்திரத்தில் கிருமிநீக்கியை ஊற்றிப் பயனில்லை.

பாட்டிலில் சேர்க்கும் சர்க்கரைக்கு, கட்டுரை "ஒரு கரண்டி" என்கிறது. கரண்டியில் எத்தனை அளவு உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். நொதித்து முடிந்த பீரில் ஏற்கெனவே கொஞ்சம் வாயு கரைந்திருப்பதால், லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை போதுமானது. 20 லிட்டருக்கு 120 கிராம். இதைத் தராசில் நிறுத்து, சிறிதளவு நீரில் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, முழுத் தொகுதியிலும் காற்றுக் கலக்காமல் மெதுவாகக் கலந்த பிறகே பாட்டில்களில் நிரப்ப வேண்டும். ஒவ்வொரு பாட்டிலிலும் தனித்தனியே அள்ளிப்போட்டால் ஒன்றில் வாயு இராது, இன்னொன்றில் மிகுந்துவிடும். அடைக்க வேண்டிய 20 லிட்டர் என்பதும் கலத்தின் அடியில் தங்கும் ஈஸ்ட் வண்டலைக் கழித்துக் கணக்கிட வேண்டிய அளவு. 17 லிட்டருக்கு 120 கிராம் இட்டால் கணக்கு தப்பிவிடும்.

பாட்டில்களைப் பற்றியும் ஒரு சொல். பீருக்கென்றே செய்யப்பட்ட, தடித்த சுவருள்ள பழுப்புக் கண்ணாடி பாட்டில்களையே பயன்படுத்த வேண்டும். பழுப்பு நிறம் அழகுக்காக அன்று. ஒளி பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் சிதைந்து நாற்றம் எடுக்கும். ஒயின் பாட்டில், சதுர வடிவ அலங்காரக் குப்பி, ஊறுகாய் ஜாடி போன்றவை அழுத்தம் தாங்கப் பிறந்தவை அல்ல. விளிம்பில் சிறு சில்லு பெயர்ந்திருந்தாலும் ஒதுக்கிவிட வேண்டும். ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு பங்கை மட்டும் சோடா விற்கும் பிளாஸ்டிக் பாட்டிலில் நிரப்பி மற்றவற்றோடு வைத்திருப்பது எனக்குப் பிடித்த பழக்கம். அதை விரலால் அழுத்திப் பார்த்தாலே உள்ளே நடப்பது தெரியும். நெகிழ்ந்து கொடுத்தால் வாயு இன்னும் பிறக்கவில்லை; கெட்டியாகிவிட்டால் தயார்; அடிப்பகுதி உப்பிப் பாட்டில் நேராக நிற்க மறுத்தால் கண்ணாடி பாட்டில்களின் பக்கம் வெறுங்கையோடு போகக் கூடாது.

வீட்டு பீர் என்றதும் பலருக்கு முதலில் வரும் அச்சம் மெத்தனால் பற்றியது. தானியத்தை நொதிக்கவைத்த பீரில் உண்டாகும் மெத்தனால் மிக மிகச் சொற்பம்; ஆலையில் செய்த பீரிலும் அதே அளவுதான் இருக்கும். கூட்டமாக உயிர் பறித்த விஷச்சாராய நிகழ்வுகளில் பெரும்பாலும் தொழிற்சாலை மெத்தனாலே கலக்கப்பட்டிருக்கிறது. வடித்தெடுத்தல் முற்றிலும் வேறான, பெரும்பாலான நாடுகளில் தண்டனைக்குரிய செயல். அதனோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. வீட்டு பீரால் நேரும் உடனடிக் காயம் பெரும்பாலும் இரண்டு வழிகளில்தான் வருகிறது: கொதிக்கும் கரைசல் மேலே சிந்துவது, கண்ணாடி வெடிப்பது. முதலாவதைக் கட்டுரை சரியாக எச்சரித்திருக்கிறது. இரண்டாவதை எச்சரிக்கத் தவறியது மட்டுமின்றி, அதற்கு வழியும் வகுத்துவிட்டது.

எனவே, கட்டுரை வெளிவந்த அதே பக்கத்தில், அதே எழுத்தளவில், ஒரு திருத்தம் வெளியிடுமாறு வேண்டுகிறேன். மூன்று நாள் இடைவெளியில் எடுத்த இரு திரவமானி அளவுகள் ஒத்துப்போய், எதிர்பார்த்த முடிவு எண்ணுக்கு அருகிலும் இருந்தால் மட்டுமே அடைக்க வேண்டும் என்பதும், சர்க்கரையை நிறுத்துச் சேர்க்க வேண்டும் என்பதும், அழுத்தம் தாங்கும் பாட்டில்களையே பயன்படுத்த வேண்டும் என்பதும் அதில் இடம்பெற வேண்டும்.

கட்டுரையைப் பார்த்து ஏற்கெனவே அடைத்துவைத்தவர்களுக்குத் திருத்தம் வரும் வரை காத்திருக்க நேரமில்லை. அவர்கள் பாட்டில்களை இருக்கும் இடத்தில் அசைக்காமல் முதலில் தடித்த துணியால் போர்த்திவிட வேண்டும். கண்ணைக் காக்கும் கண்ணாடி அணிந்து, தடித்த கையுறையும் முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொண்டு, ஒன்றிரண்டாக மூடியுள்ள பெட்டியில் வைத்துக் குளிர்சாதனப் பெட்டிக்கு மாற்றலாம். நன்றாகக் குளிர்ந்த பீர் கூடுதல் வாயுவைத் தன்னுள் கரைத்துக்கொள்வதால் அழுத்தம் இறங்கும். ஈஸ்டின் வேகமும் தணியும். ஒரு முழுநாள் குளிர்ந்த பிறகு, துணியால் மூடிப் பிடித்துக்கொண்டு, ஒரு பாட்டிலை மட்டும் கழுவு தொட்டியில் வைத்துத் திறந்து பார்க்க வேண்டும். பொங்கி வழிந்தால் மற்றவற்றின் மூடிகளையும் அதே குளிர்ச்சியில் மெல்ல நெம்பி வாயுவை வெளியேற்றிவிட்டுப் புதிய மூடி இடலாம், அல்லது எல்லாவற்றையும் கொட்டிவிடலாம். கொட்டுவதானால் பாட்டில்களையும் ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்து விரிசல் பார்த்த பிறகே மறுபடி எடுத்துவைக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்